வாசலில் நின்ற தங்கை



கோயில் திருவிழா என்றால் கொடியேற்றம், நவநாள், தேர்பவனி ஆகியவற்றோடு நாடகமும் உண்டு என்பது நம் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு நன்கு தெரியும். ஞானசௌந்தரி, தேவசகாயம் பிள்ளை, தவக்காலத்தில் பாஸ்கா என்று விடிய விடிய நடக்கும். ஆர்மோனியமும் மிருதங்கமும் இல்லாமல், பாட்டில்லாமல் ஒரு நாடகத்தை நம் மக்கள் ஏற்றுக்கொண்டதே இல்லை. அரசன் கோபித்தாலும் பாடுவான். தாய் அழுதாலும் பாடுவாள். மேல்நாட்டார் 'மியூசிக்கல்' என்று தனிப்பெயர் வைத்து அழைப்பதை நாம் வெறுமனே நாடகம் என்றே சொல்லி வந்தோம்.

தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில், குறிப்பாக யாழ்ப்பாணம், மன்னார் பக்கம், ஆடப்பட்டு வந்த நாடகங்களில் ஒன்று எஸ்தாக்கியார் நாடகம். எஸ்தாக்கியார் உரோமைப் படைத்தலைவர். வேட்டையின்போது மானின் கொம்புகளுக்கு நடுவே சிலுவையைக் கண்டு மனம் மாறியவர். திருமுழுக்குப் பெற்றபின் அவருடைய சொத்தெல்லாம் போயிற்று. தெரிந்தவர் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு எகிப்துக்குக் கப்பலேறினார். கப்பல் கூலி கொடுக்கப் பணமில்லை என்று கப்பல் தலைவன் மனைவியைப் பிடித்து வைத்துக்கொண்டான். ஆற்றைக் கடக்கும்போது ஒரு பிள்ளையைச் சிங்கமும் மற்றப் பிள்ளையை ஓநாயும் கவ்விச் சென்றன. படைத்தலைவராய் இருந்தவர் வேற்றூரில் பதினைந்து ஆண்டுகள் வயல் காவல் காத்தார். பிரிந்த நால்வரும் கடைசியில் ஒருவரையொருவர் அடையாளம் கண்டு சேர்ந்து, ஒன்றாகவே மறைசாட்சிகள் ஆனார்கள் என்பது கதை. வரலாற்றுச் சான்று போதாது என்பதால் 1969ஆம் ஆண்டுத் திருவழிபாட்டு நாள்காட்டிச் சீர்திருத்தத்தில் இவருடைய நினைவு நாள் பொது நாள்காட்டியிலிருந்து எடுக்கப்பட்டது. ஆனால் பிழைக்கப் போன குடும்பம் சிதறிப் போவதும், பிறகு எதிரெதிரே நின்றும் ஒருவரையொருவர் தெரியாமல் போவதும் நடந்திருக்குமா என்று நம் மக்களுக்குச் சான்று தேவைப்படவில்லை.

ஏறத்தாழ இதே கதை, புனிதர் ஒருவரும் இல்லாமல், 1952ஆம் ஆண்டு தீபாவளியன்று திரைக்கு வந்தது. அந்தப் படம்தான் பராசக்தி.

பங்குத்தந்தைக்குப் பராசக்தியோடு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். இறைநம்பிக்கையையும் கோயிலையும் கேள்வி கேட்ட படம் என்றே அது பெயரெடுத்தது. தடை செய்ய வேண்டும் என்று அந்நாளில் குரல் எழுந்ததும் உண்மை. நாம் சிறுவராய் இருந்தபோது கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் அதன் நீதிமன்ற வசனம் முழங்கும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெரியவர்கள் கூடவே சொல்லிக் கொண்டு போவார்கள். அந்த வசனத்தின் முழக்கத்தில் ஒன்று மறந்து போனது. அது முதலில் புலம்பெயர்ந்தோரின் கதை. அதைப் பற்றித்தான் எழுத நினைக்கிறோம்.

பராசக்தி முதலில் மேடை நாடகம். எழுதியவர் தமிழறிஞர் பாவலர் பாலசுந்தரம். அது நன்றாக ஓடிக்கொண்டிருந்த காலத்தில் நேஷனல் பிக்சர்ஸ் பி.ஏ.பெருமாள் திரைப்பட உரிமையை வாங்கினார், ஏ.வி.மெய்யப்பனின் ஆதரவும் இருந்தது. திரைக்கதை, வசனத்தை மு.கருணாநிதி எழுதினார். கிருஷ்ணன்-பஞ்சு இயக்கினார்கள். இசை ஆர்.சுதர்சனம். சிறு வயதிலேயே நாடகக் குழுவில் சேர்ந்து வளர்ந்த சிவாஜி கணேசனுக்கு இது முதல் படம். மேடையிலிருந்து வந்தது என்பதைப் படம் மறைக்கவில்லை. பாட்டுகள் நிறைய, பாரதியார் பாட்டும் உண்டு, பாரதிதாசன் பாட்டும் உண்டு. பாத்திரங்கள் பல இடங்களில் எதிரே ஒரு கூட்டம் உட்கார்ந்திருப்பதைப் போலவே நின்று பேசுகின்றன. சினிமா தெரிந்தவர்கள் இதைக் குறையாகச் சொல்வார்கள். திருவிழா நாடகம் பார்த்து வளர்ந்த நமக்கு அது குறையாகப் படவில்லை.

கதை தொடங்குவது இரங்கூனில். இன்றைய இளைஞர்களுக்கு இரங்கூன் என்றால் பழைய பாட்டில் வரும் ஓர் ஊர்ப்பெயர். ஆனால் ஒரு காலத்தில் தஞ்சை, திருச்சி, இராமநாதபுரம் பக்கத்து ஏழைக்குப் பர்மா என்பது இன்று துபாய் இருப்பதைப் போன்றது. அரிசி ஆலையில் மூட்டை தூக்கவும், துறைமுகத்தில் சரக்கு இறக்கவும், வயலில் நடவு செய்யவும் மேஸ்திரிகள் ஆள் பிடித்துக் கொண்டு போனார்கள். செட்டியார்கள் வட்டிக்கடை வைத்தார்கள். படித்தவர்கள் அலுவலக வேலைக்குப் போனார்கள். 1931ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அவர்களில் தமிழ்க் கத்தோலிக்கரும் இருந்தார்கள்.

1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் இரங்கூன் மீது குண்டு வீசின. இரண்டு நாள் கழித்து, கிறிஸ்து பிறப்பு விழாவன்று, மீண்டும் வீசின. 1942 மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. கையில் காசும் செல்வாக்கும் உள்ளவர்களுக்குக் கப்பலில் இடம் கிடைத்தது. மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் மலை வழியாகச் சிட்டகாங்குக்கும், காடுகள் வழியாக மணிப்பூருக்கும் அசாமுக்கும் குழந்தைகளைத் தோளில் சுமந்து நடந்தார்கள். நான்கைந்து இலட்சம் பேர் பர்மாவை விட்டு வந்ததாக மதிப்பிடுகிறார்கள். பசியிலும் காலராவிலும் மலேரியாவிலும் வழியிலேயே இறந்தவர்கள் பல்லாயிரம். அந்த நடையிலும் வெள்ளையருக்கு ஒரு வழி, கறுப்பருக்கு ஒரு வழி என்று பிரித்து வைத்திருந்தார்கள்.

இந்தப் பின்னணியில்தான் படத்தில் வரும் மூன்று அண்ணன்மாரும் இரங்கூனில் இருக்கிறார்கள். தங்கை கல்யாணிக்கு மதுரையில் திருமணம். போர்க்காலம் என்பதால் ஒரே ஒருவருக்குத்தான் கப்பலில் இடம் கிடைக்கிறது. கடைசித் தம்பி குணசேகரன் புறப்படுகிறான். கப்பல் பல மாதம் தாமதமாகிறது. அதற்குள் திருமணம் முடிந்து, கணவன் விபத்தில் இறந்து, தந்தையும் அதிர்ச்சியில் இறந்து, வீடு ஏலத்தில் போய், கைக்குழந்தையோடு கல்யாணி இட்லி விற்றுப் பிழைக்கும் நிலைக்கு வந்துவிடுகிறாள். சென்னையில் இறங்கிய குணசேகரன் எல்லாவற்றையும் பறிகொடுத்து, அவள் முன் வெறுங்கையோடு நிற்கக் கூசிப் பைத்தியக்காரனாக நடிக்கிறான். நடு அண்ணன் ஞானசேகரன் பர்மாவிலிருந்து வரும் வழியில் ஒரு காலை இழந்து, பிச்சைக்காரர்களுக்குச் சங்கம் வைக்கிறான். மூத்தவர் சந்திரசேகரன் மட்டும் மனைவியோடு நல்லபடியாக வந்து சேர்ந்து, திருச்சியில் நீதிபதி ஆகிறார்.

இனி வருவதுதான் படத்தின் நெஞ்சு என்று நமக்குத் தோன்றுகிறது. பசியோடு அலையும் கல்யாணி ஒரு பெரிய வீட்டு வாசலில் போய்ச் சோறு கேட்கிறாள். அது அவளுடைய சொந்த அண்ணன் வீடு. நீதிபதி அவளை விரட்டி விடுகிறார். சங்கத்துக்கு உதவி கேட்டு அதே வாசலுக்குக் கோலூன்றி வரும் தம்பிக்கும் அதே கதி. சந்திரசேகரன் கெட்டவர் அல்லர். தங்கையைத் தேடிக்கொண்டிருந்தவர்தாம். அவர் மனத்தில் இருந்த தங்கை மணக்கோலத்தில் இருந்தாள். வாசலில் நின்றவள் கிழிந்த சேலையில் இருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம்.

குழந்தையை ஆற்றில் வீசித் தானும் சாகத் துணிந்த குற்றத்துக்காகக் கல்யாணி பிறகு நீதிமன்றக் கூண்டில் நிற்கிறாள். விசாரிப்பவர் அதே அண்ணன். அவள் தன் கதையைச் சொல்லச் சொல்ல, இவள் நம் தங்கை என்று புரிந்து நீதிபதி மயங்கி விழுகிறார். அதன் பிறகுதான் குணசேகரனின் புகழ்பெற்ற பேச்சு. ஊர் அந்தப் பேச்சைக் கைதட்டி நினைவில் வைத்துக்கொண்டது. நாற்காலியில் மயங்கிச் சாய்ந்த அந்த மனிதரை மறந்துவிட்டது.

மத்தேயு நற்செய்தி 25ஆம் அதிகாரத்தை இந்தக் காட்சியோடு சேர்த்து வாசித்துப் பாருங்கள். அங்கேயும் ஒரு நீதிமன்றம், அங்கேயும் ஒரு வாசல். பசித்தவர், அந்நியர், ஆடையற்றவர் என்று ஒருவர் வந்து நின்றிருக்கிறார். நல்லவர்களும் அவரை அடையாளம் காணவில்லை, மற்றவர்களும் காணவில்லை என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. இரு சாராரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: ஆண்டவரே, உம்மை எப்போது கண்டோம்? வேறுபாடு என்னவென்றால், ஒரு சாரார் யாரென்று தெரியாமலேயே சோறு போட்டார்கள். மற்றவர்கள் தெரிந்தால் போடலாம் என்று இருந்தார்கள். சந்திரசேகரனும் தங்கை என்று தெரிந்திருந்தால் பந்தியே விரித்திருப்பார். இன்னொன்றும் உண்டு. படத்தில் வாசலில் நின்றவள் கூண்டில் ஏறுகிறாள், விரட்டியவர் நீதி சொல்ல உட்காருகிறார். நற்செய்தியில் இது தலைகீழாகிறது. வாசலில் நின்றவரே அரியணையில் அமர்ந்திருக்கிறார். ஏழைகளைத் தம் சகோதரர் என்றும் அவர் சொல்லிவிடுகிறார்.

பழைய ஏற்பாட்டு யோசேப்பையும் நினைத்துக் கொள்ளலாம். பஞ்சம் பிழைக்க எகிப்துக்கு வந்த சகோதரர்களை அதிகாரத்தில் இருந்த அவர் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுகொண்டார். அவர்களுக்கு அவரைத் தெரியவில்லை. தனியே போய் அழுதார் என்று தொடக்கநூல் சொல்கிறது. யோசேப்புக்குக் கண் தெரிந்ததற்கு ஒரு காரணம், அவரே அந்நிய மண்ணில் விற்கப்பட்டவராய் வாழ்ந்தவர். இப்படிப் பார்த்தால் சந்திரசேகரனுக்கு நியாயம் சொல்ல இன்னும் கடினமாகிறது. அவரும் இரங்கூனிலிருந்து தப்பி வந்தவர்தாமே.

கோயில் பூசாரி காட்சியையும் தாண்டிப் போக முடியாது. அடைக்கலம் தேடி வந்தவளிடம் அந்தப் பூசாரி தவறாக நடக்க முயல்கிறான். அது வேறு சமயத்துக் கோயில், நமக்கு என்ன என்று குருக்களாகிய நாம் தப்பித்துக்கொள்ள வேண்டாம். அங்கியை நம்பி வந்தவர்களுக்கு அந்த அங்கியே கண்ணியாகிப் போன செய்திகளைக் கேட்டு நம் திருச்சபையும் வெட்கித் தலைகுனிந்திருக்கிறது. கடவுள் பேசவில்லை என்று படம் கோபப்படுவதை நாம் ஏற்கவில்லை. கடவுளின் பெயரால் பேச நியமிக்கப்பட்டவர்கள் நடந்துகொண்ட விதத்துக்காகத்தான் அந்தக் கோபம் என்றால், ஆமோசு இறைவாக்கினர் அதைவிடக் கடுமையாகவே பேசியிருக்கிறார். கோபத்தோடு படம் நின்றுவிடவும் இல்லை. ஆற்றில் வீசிய குழந்தை படகில் விழுந்து பிழைத்திருக்கிறது. சேர்ந்த குடும்பம் கடைசியில் ஆதரவற்றோருக்கு ஓர் இல்லம் திறக்கிறது.

படத்தில் நமக்கு ஒரு குறை உண்டு. இரங்கூனில் நம்மவர்கள் நல்லபடியாக வாழ்ந்தார்கள் என்பதோடு விட்டுவிடுகிறது. பர்மியர்கள் நம்மை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்கவில்லை. வட்டிக்கடனில் நிலத்தை இழந்த பர்மிய விவசாயிகள் இருந்தார்கள். 1930இல் துறைமுக வேலையை முன்னிட்டு இரங்கூனில் இந்தியத் தொழிலாளருக்கும் பர்மியருக்கும் இடையே இரத்தக் களரி நடந்தது. குறைந்த கூலிக்கு வந்து எங்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்பது அவர்கள் குற்றச்சாட்டு. இன்று நம் டீக்கடைகளில் வடநாட்டுப் பிள்ளைகளைப் பற்றிப் பேசப்படும் அதே வார்த்தைகள்தாம். அன்று அந்த வார்த்தைகளைக் கேட்டவர்கள் நம் தாத்தாக்கள்.

படம் வந்த அதே 1952ஆம் ஆண்டில், ஆகஸ்ட் முதல் நாள், திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 'எக்சுல் ஃபமிலியா' என்னும் திருத்தூது ஆணைமடலை வெளியிட்டார். உலகப் போரால் நாடிழந்து அலைந்த இலட்சக்கணக்கானோர் அவர் கண் முன் இருந்தார்கள். ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்கு ஓடிய நாசரேத்துக் குடும்பம்தான் எல்லா அகதிக் குடும்பங்களுக்கும் முன்மாதிரி, காவல் என்று அதில் எடுத்துக்காட்டினார். குடிபெயர்ந்தவர்களுக்கு அவர்கள் மொழியில் அருள்பணி கிடைக்க வேண்டும் என்பதற்கு விரிவான விதிகளும் வகுத்தார். உரோமையிலும் சென்னையிலும் ஒரே ஆண்டில் ஒரே கவலை. நாம் குருமடத்தில் அந்த மடலைப் பற்றிப் படித்தபோது பராசக்தி நினைவுக்கு வரவில்லை. இப்போதுதான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1957இல், நியூயார்க் மேடையில் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' என்னும் இசை நாடகம் அரங்கேறியது. 1961இல் திரைப்படமாகிப் பத்து ஆஸ்கர் விருதுகள் பெற்றது. 2021இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் மறுபடியும் படமாக்கினார். போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து நியூயார்க்குக்குப் பிழைக்க வந்தவர்களுக்கும், முன்பே வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கும் தெருவில் நடக்கும் சண்டையே கதை. போர்ட்டோ ரிக்கோ மக்கள் 1917 முதல் சட்டப்படி அமெரிக்கக் குடிமக்கள். அதாவது அவர்கள் வேறு நாட்டுக்கு வரவில்லை. தங்கள் நாட்டுக்குள்ளேயே அந்நியராய் வந்தார்கள். கல்யாணியின் அண்ணன்மாரும் அப்படித்தான். நம் ஊர்க் கட்டடங்களில் சித்தாள் வேலை செய்யும் ஜார்கண்ட், ஒடிசா பிள்ளைகளும் அப்படித்தான்.

பர்மாவிலிருந்து இரண்டாம் முறையும் ஓர் அலை வந்தது. 1962இல் இராணுவ ஆட்சி ஏற்பட்டு, அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் அரசு எடுத்துக்கொண்டபோது, தலைமுறையாய் அங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர்கள் உடுத்திய துணியோடு கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்தருகே உள்ள பர்மா பஜார் அவர்களுக்குப் பிழைப்பு தர எழுந்தது. இங்கே மனம் ஒட்டாமல் திரும்பிப் போக முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரே என்னும் ஊரிலேயே தங்கிவிட்ட தமிழர்களும் உண்டு.

நம் பகுதிக்கு அடைக்கலம் என்ற சொல் புதிதல்ல. நம் மாவட்டத்திலேயே, கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சி இருக்கிறது. துன்புறுத்தப்பட்டு ஓடி வந்த கிறிஸ்தவர்கள் அங்கே பாதுகாப்புப் பெற்றார்கள். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் அன்னை மரியாவுக்கு அடைக்கல மாதா என்று பெயரிட்டு, அந்த ஊரைத் திருக்காவலூர் என்று அழைத்துக் கலம்பகம் பாடினார். மக்கள் ஓடி வந்தவர்கள், பாடியவர் கடல் கடந்து வந்தவர். அந்தத் தலத்துக்கு நிலம் தந்தவர்களோ கிறிஸ்தவர் அல்லாத அரியலூர்ப் பாளையக்காரர்கள். வந்தவர்கள் யாரென்று அவர்கள் துருவித் துருவிக் கேட்டிருந்தால் ஏலாக்குறிச்சி இன்று இருந்திருக்குமா?

இவ்வளவும் எழுதியதற்குக் காரணம் நம் பங்கில் நடந்த ஒன்று. அதில் தவறு நம்முடையதே. ஒரு ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, வேப்பமரத்தடியில் நான்கைந்து இளைஞர்களும் கைக்குழந்தையோடு ஒரு பெண்ணும் நின்றார்கள். கட்டட வேலைக்கு வந்தவர்கள் என்று பார்த்த உடனே தெரிந்தது. உதவி கேட்டு வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஏதாவது கொடுத்து அனுப்புங்கள் என்று உபதேசியாரிடம் சொல்லிவிட்டு நாம் அறைக்குப் போய்விட்டோம். சிறிது நேரத்தில் அவர் வந்து, சாமி, அவங்க காசு வேண்டாங்கறாங்க என்றார். போய்ப் பார்த்தோம். அந்தப் பெண் கையில் செபமாலை இருந்தது. ஜார்கண்டில் சிம்டேகா பக்கம், தலைமுறையாய்க் கத்தோலிக்கர்கள். மூன்று ஞாயிறாகக் கோயிலுக்கு வெளியே நின்றே திருப்பலி கண்டிருக்கிறார்கள். உள்ளே வந்து உட்காரலாமா என்று கேட்க அவர்களுக்குத் தமிழ் தெரியவில்லை. வாருங்கள் என்று சொல்ல நம்மில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நற்கருணை வாங்க வரிசையில் வந்தபோதும் அவர்கள் முகத்தை நாம் பார்க்கவில்லை.

இப்போது உள்ளே உட்காருகிறார்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காணிக்கைப் பாடலை அவர்களுடைய சாத்ரி மொழியில் பாடுகிறார்கள். பாடகர் குழுவில் ஒரிருவருக்கு இதில் மனக்குறை. பூசை நீளுகிறது என்று சில பெரியவர்களும் சொன்னார்கள். துபாயிலும் குவைத்திலும் தமிழில் திருப்பலி கிடைத்தது என்று நம் பிள்ளைகள் தொலைபேசியில் சொல்லும்போது அதே பெரியவர்கள் கண்ணில் நீர் வந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம்.

அந்தக் குழந்தைக்கு வருகிற மாதம் முதல் ஞாயிறு திருமுழுக்கு. ஊரில் உறவினர் ஒருவரும் இல்லை. ஞானப்பெற்றோராக நிற்கப் பதினாறு வயது நிறைந்து, உறுதிபூசுதல் பெற்றவர்கள் தேவை. மூன்று வாரமாக அறிவிப்பில் சொல்லி வருகிறோம். இதுவரை ஒருவரும் பெயர் தரவில்லை. பங்கு இல்லம் மாலை ஆறு முதல் எட்டு மணி வரை திறந்திருக்கும்.